கேஸ் கணப்பு: குமிழை விட்டதும் பைலட் சுடர் அணைகிறது; பாதுகாப்பாகப் பற்றவைப்பது எப்படி?

புதுவீட்டுக்காரன்:

வணக்கம். நாங்கள் வாடகைக்கு வந்திருக்கும் வீட்டின் கூடத்தில் சுவருக்குள் பதித்த கேஸ் கணப்பு ஒன்று இருக்கிறது. முன்னால் கண்ணாடி. உள்ளே விறகுக்கட்டை போலவே செய்து அடுக்கிய செயற்கைக் கட்டைகள். அடித்தட்டைக் கீழே இறக்கினால் ஒரு குமிழ் தெரிகிறது; அதில் ஆஃப், பைலட், ஆன் என்று மூன்று நிலைகள். பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். இது போக, சுவரில் விளக்கு சுவிட்ச் மாதிரியே தனியாக ஒன்று. கையேடு எதுவும் வீட்டில் இல்லை. வீட்டு உரிமையாளரைக் கேட்டால், "குமிழை அழுத்திப் பொத்தானைத் தட்டுங்கள், எரியும்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்.

நேற்று மாலை குமிழைப் பைலட்டில் வைத்து அழுத்திக்கொண்டு பொத்தானைத் தட்டினேன். கட்டைகளுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நீலச் சுடர் வந்தது. குமிழை விட்டதும் அணைந்துவிட்டது. உடனே மறுபடி பற்றவைக்கலாமா, உள்ளே கேஸ் தேங்கியிருக்குமா என்று தெரியாததால் குமிழை ஆஃபில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மகள் தவழ்கிற வயது. அம்மா கூடத்திலேயேதான் படுப்பார். மூட்டுவலிக்கு இதமாக இரவு முழுவதும் கணப்பு எரிந்தால் நன்றாக இருக்கும் என்கிறார். எனக்கோ கேஸ் என்றாலே பயம். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மெக்கானிக்:

தம்பி, சுடர் அணைந்ததும் ஆஃபில் வைத்துவிட்டு எழுந்தீர்களே, அதுதான் சரியான காரியம். கேஸ் கருவிகளைப் பழுதுபார்த்துத்தான் நான் பிழைத்தேன். பயப்படுகிறவர் வீட்டுக்குப் போக எனக்குக் கவலை இருந்ததில்லை. அணைய அணைய விடாமல் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பவர் வீட்டுக்குப் போகத்தான் கவலையாக இருக்கும்.

சுடர் ஏன் அணைந்தது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். பாதிப் பயம் போய்விடும். பைலட் என்பது, பெரிய தீ எரியும் பர்னரைப் பற்றவைப்பதற்காக எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர். அந்தச் சுடருக்குள் பென்சிலை விட மெல்லியதாக ஓர் உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தெர்மோகப்பிள் என்று பெயர். இரண்டு வெவ்வேறு உலோகங்களை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்டறிந்த விளைவு அது. நன்றாகச் சூடேறிய குச்சி ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிவோல்ட் தரும். அந்தத் துளி மின்சாரம் வால்வுக்குள் இருக்கும் சிறு மின்காந்தத்துக்குப் போய், கேஸ் வழியைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. சுடர் அணைந்தால் குச்சி ஆறும், காந்தம் பிடியை விடும், உள்ளே இருக்கும் சுருள்வில் வழியை அடைத்துவிடும். வீட்டில் ஒருவரும் இல்லாவிட்டாலும் இது தானாக நடக்கும். குமிழை நீங்கள் அழுத்திப் பிடித்திருக்கும்போது, காந்தம் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கை செய்கிறது. குச்சி சூடேறுவதற்கு முன் கையை எடுத்தால் அணையத்தான் செய்யும். அது கோளாறு ஆகாது. உங்களைக் காப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பற்றவைக்கும் முறையைச் சொல்கிறேன். சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். குமிழை ஆஃபுக்குத் திருப்புங்கள். பல வால்வுகளில் சற்று அழுத்தினால்தான் பைலட்டிலிருந்து ஆஃபுக்குத் திரும்பும், பலவந்தப்படுத்தாதீர்கள். குமிழைக் கையால் மட்டுமே திருப்ப வேண்டும். குறடு போட்டுத் திருப்ப வேண்டிய நிலை வந்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும் என்று பொருள். பிறகு முழுதாக ஐந்து நிமிடம் காத்திருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். மனக்கணக்கில் ஐந்து நிமிடம் என்பது ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

காத்திருந்த பின் மண்டியிட்டு, தரையை ஒட்டி மூக்கை வைத்து மோந்து பாருங்கள். சிலிண்டரிலோ தொட்டியிலோ வரும் புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு தேங்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றை விட இலேசு, மேலே போகும். ஆகவே நின்றபடியும் ஒரு முறை பாருங்கள். இந்த இரண்டுக்கும் இயல்பில் வாசனை கிடையாது. அழுகிய முட்டை போன்ற அந்த நாற்றம் நாம் கண்டுபிடிப்பதற்காகச் சேர்க்கும் மெர்காப்டனின் நாற்றம். 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், நாற்றம் சேர்க்காத எரிவாயு தரைக்கு அடியில் கசிந்து வெடித்து, மாணவர்களும் ஆசிரியர்களுமாக முந்நூறு பேர் அளவில் இறந்தார்கள். நாற்றம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் அதன் பிறகுதான் வந்தன. அந்த நாற்றம் வந்தால் அதற்கு மேல் எதையும் செய்து பார்க்க வேண்டாம். பற்றவைக்காதீர்கள், எந்த மின்சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், வீட்டுக்குள் நின்று போன் பேசவும் வேண்டாம். குழந்தையையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள். இன்னொன்று: சிறிது நேரத்தில் மூக்கு அந்த நாற்றத்துக்குப் பழகிவிடும். "முதலில் நாறியது, இப்போது இல்லை" என்று திரும்பி வராதீர்கள்.

நாற்றம் இல்லை என்றால், குமிழைப் பைலட்டுக்குத் திருப்பி முழுதாக அழுத்திக்கொண்டு சிவப்புப் பொத்தானைத் தட்டுங்கள். பல மாதம் எரியாமல் கிடந்த கணப்பில் குழாய்க்குள் காற்று நிறைந்திருக்கும். சுடர் வரக் கொஞ்சம் தாமதமாகலாம். சுடர் வந்த பிறகும் கையை எடுக்காமல் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடித்திருங்கள். பிறகு மெதுவாக விடுங்கள். நின்றால் நல்லது. நிற்காவிட்டால் மறுபடி ஆஃப், மறுபடி ஐந்து நிமிடம்.

நின்ற சுடரைக் கூர்ந்து பாருங்கள். நீலமாக, நடுங்காமல், குச்சியின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுற்றித் தழுவியிருக்க வேண்டும். மஞ்சளாகத் துவண்டாலோ, குச்சியைத் தொடாமல் விலகி எரிந்தாலோ பைலட் துளையில் தூசியோ சிலந்திக்கூடோ அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்வது பழகியவரின் வேலை. சுடர் சரியாக இருந்தால் குமிழை ஆனுக்குத் திருப்பி, முகத்தை விலக்கிக்கொண்டு சுவர் சுவிட்சைப் போடுங்கள். சில நொடிகளில் பர்னர் முழுக்கத் தீ ஓசையில்லாமல் பரவ வேண்டும். தாமதித்து "பொம்" என்று பிடித்தால் உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். கேஸ் சேர்ந்த பிறகு பற்றுகிறது என்று அர்த்தம். கண்ணாடியையே உடைக்கக்கூடியது அது.

அந்தச் சுவர் சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுடையதைப் போன்ற கணப்புகளில் அதில் வீட்டு மின்சாரம் ஓடுவதில்லை. தெர்மோபைல் என்ற இன்னொரு குச்சி, பைலட் சுடரின் சூட்டிலேயே அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே தருகிறது, அதுதான் ஓடுகிறது. அதனால்தான் மின்வெட்டிலும் எரியும். விவரம் தெரியாமல் யாராவது அதை வீட்டு மின்கம்பியோடு இணைத்தால் வால்வு போயிற்று.

இனி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியவை. அடித்தட்டுக்குள் சிறு சங்கிலியில் கோர்த்தோ ஒட்டியோ ஓர் உலோகத் தகடு இருக்கும். மாடல் எண்ணும், எந்த வகை கேஸ் என்பதும் அதில் இருக்கும். அந்த எண்ணை வைத்து, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் கையேட்டைத் தேடி எடுங்கள். நான் சொல்வதும் கையேடு சொல்வதும் மாறுபட்டால் கையேடு சொல்வதே சரி. அடுத்து, வெளிச்சுவரில் அல்லது கூரைமேல் கணப்பின் புகைக்குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இரட்டையரின் அம்மா:

தவழும் குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே வகைதான். எரியும்போது அந்தக் கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உட்கார்ந்து தீயைப் பார்க்கும் நமக்கு அது தெரியாது, கண்ணாடிதானே என்று தோன்றும். குழந்தைக்கோ அது ஆடும் வெளிச்சம். இரண்டு கையையும் விரித்து ஊன்றிக்கொள்ளும். சட்டென்று இழுத்துக்கொள்ளவும் அந்த வயதில் தெரியாது. அணைத்த பிறகும் ஒரு மணி நேரம் வரை சூடு இறங்காது. தீ இல்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று நாம் அசந்திருக்கும் நேரம் அதுதான்.

வட அமெரிக்கத் தரவிதிப்படி 2015 ஜனவரி முதல் செய்யப்படும் கணப்புகளில், கண்ணாடி 78 டிகிரிக்கு மேல் சூடேறுமானால் கம்பிவலைத் திரை சேர்த்தே கொடுக்க வேண்டும். உங்களுடையது பழையதாக இருக்கலாம். அல்லது முன்பு இருந்தவர்கள் அழகுக்காகக் கழற்றி வைத்திருக்கலாம். பரண், மாடிப்படிக்கு அடி எல்லாம் தேடுங்கள். கிடைத்தாலும் போதாது, வலையும் சுடும். அதற்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, சுவரோடு திருகி நிறுத்தும் தடுப்பு வேலி வேண்டும். திருகாமல் சும்மா நிறுத்தினால் குழந்தை அதைப் பிடித்து எழுந்து நிற்கும், வேலியோடு சேர்ந்து விழும். சுவர் சுவிட்சுக்கும் ரிமோட் இருந்தால் அதற்கும் பூட்டு போடுங்கள். எங்கள் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியபோது, பெரியவர் ஒருவர் கூடத்தில் இல்லாமல் கணப்பு எரியக் கூடாது என்று வைத்த விதியை இன்றும் விடவில்லை.

கைவேலை விரும்பி:

எங்கள் வீட்டிலும் பைலட் நிற்காமல் தொல்லை கொடுத்தது. குமிழை அழுத்திய நிலையில் ஒரு கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். நன்றாக எரிகிறது. நீங்களும் செய்து பார்க்கலாம்.

பழைய மெக்கானிக்:

தயவுசெய்து இன்றே அந்தக் கம்பியை அவிழ்த்து, கணப்புக்கு வரும் கேஸ் குழாயின் வால்வை மூடிவிடுங்கள். நெம்புகோல் குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. குமிழை அழுத்திக் கட்டினால் காந்தம் விட்டாலும் வழி அடைபடாது. ஒரு காற்றுக்குச் சுடர் அணைந்தால் பைலட் கேஸ் நிற்காமல் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். காற்றில் புரொப்பேன் நூற்றுக்கு இரண்டு பங்கு, இயற்கை எரிவாயு ஐந்து பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். உங்களுக்கு வேண்டியதெல்லாம் பெரும்பாலும் ஒரு புதுத் தெர்மோகப்பிள். சின்ன உருப்படி, சின்ன வேலை. இதைப் படிக்கும் வேறு யாரும் குமிழைக் கட்டாதீர்கள், ஆப்பு வைக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

இரவுப்பணிச் செவிலி:

எல்லோரும் வெடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அவசரப் பிரிவில் வேலை செய்பவள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

புகை சரியாக வெளியேறாத கணப்பிலிருந்து அது வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. நீங்கள் மோந்து பார்க்கும் மெர்காப்டன் எரிந்து போய்விடுவதால் மூக்கு இதில் உதவாது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறக்கம், குமட்டல், களைப்பு என்று தொடங்கும். காய்ச்சல் மட்டும் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் தெளிந்து, வீடு திரும்பினால் மறுபடி வந்தால் அது ஃப்ளூ என்று படுத்துவிடாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினை அது ஆக்சிஜன் என்றே படித்து 98, 99 என்று காட்டும். மருத்துவமனையில் "வீட்டில் கேஸ் கணப்பு எரிகிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் கிடைத்தால் நாங்கள் உடனே ஆக்சிஜன் வைத்து, இரத்தத்தில் அதற்கான சோதனையைச் செய்வோம்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை அம்மா படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கணப்பை ஒட்டி வைக்க வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவி வேறு, இது வேறு. அமெரிக்கத் தரத்தில் செய்த கருவி, காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு இருந்தால் ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள்தான் அலறும். 400 பங்கு என்றால் நான்கு முதல் பதினைந்து நிமிடத்துக்குள். அதாவது குறைந்த அளவில் அது உடனே சத்தம் போடாது. வயதானவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி இருக்கும் வீட்டில் உடம்பு சொல்வதையும் கேளுங்கள். கருவியின் பின்புறம் காலாவதித் தேதி இருக்கும். அதைத் தாண்டினால் பேட்டரி மாற்றியும் பயன் இல்லை.

புதுவீட்டுக்காரன்:

அனைவருக்கும் நன்றி. மெக்கானிக் ஐயா, ஐந்து நிமிடம் காத்திருந்து, மோந்து பார்த்து, ஒரு நிமிடம் பிடித்ததும் பைலட் நின்றுவிட்டது. சுவர் சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் எரித்துப் பார்த்து அணைத்துவிட்டேன். முதல் சில நிமிடம் கண்ணாடி முழுக்க நீர்மூட்டம், பிறகு தெளிந்தது. தீ முதலில் நீலம், போகப்போக நுனியில் மஞ்சள். கண்ணாடியின் உட்புறம் வெண்மையான மாவுப்படலம் இருக்கிறது. வலது பக்கக் கட்டை ஒன்று சரிந்து தீக்குள் சாய்ந்திருக்கிறது, அதன் அடியிலும் மேல் கண்ணாடியிலும் கரி. தகட்டில் இயற்கை எரிவாயு என்று இருக்கிறது, வீட்டுக்கு வருவதும் அதுதான். வெளிச்சுவரில் ஒரு சதுர மூடி. அதை மறைத்துச் செடி வளர்ந்திருக்கிறது. தடுப்பு வேலிக்கும் எச்சரிக்கைக் கருவிக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். இரவு முழுவதும் எரிக்கலாமா?

பழைய மெக்கானிக்:

அழகாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் தம்பி. நீர்மூட்டம் இயல்பு. கேஸ் எரிந்தால் நீராவி பிறக்கும். குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, சூடேறியதும் மறையும். வெண்படலமும் பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடி முழுதாக ஆறிய பிறகு, அம்மோனியா கலக்காத கணப்புக் கண்ணாடித் திரவத்தால் துடைக்க வேண்டும். கழற்றிய கண்ணாடியைத் திரும்ப வைக்கும்போது சுற்றியுள்ள அடைப்புப் பட்டை பிசகாமல் பொருந்த வேண்டும், கொக்கிகள் எல்லாம் பூட்டியாக வேண்டும். முதல் முறை மெக்கானிக் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மஞ்சள் நுனியும் இருக்க வேண்டியதே.

கரி மட்டும் இயல்பு ஆகாது. அந்தக் கட்டையைச் சரிசெய்யும் வரை கணப்பை எரிக்காதீர்கள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் முளையோ பள்ளமோ இருக்கும். கையேட்டில் படம் இருக்கும். அது தன் இடத்தை விட்டு நகர்ந்து தீயைத் தடுத்தால் கேஸ் முழுதாக எரியாமல் கரியும், செவிலி அம்மா சொன்ன கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். அழகுக்காகக் கூழாங்கல், பைன் காய், நிஜ விறகு எதையும் உள்ளே சேர்க்கக் கூடாது. தணல் போலத் தெரிவதற்காகப் பரப்பும் பஞ்சுத் துணுக்குகளைப் பர்னர் துளைமேல் குவித்தாலும் இதே கதிதான்.

அந்தச் சதுர மூடியைப் பார்த்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. உங்களுடையது நேரடிக் காற்றோட்ட வகையாகத்தான் இருக்க வேண்டும். குழாய்க்குள் குழாய்: வெளிக்குழாய் வழியே எரிவதற்கான காற்று உள்ளே வரும், உட்குழாய் வழியே புகை வெளியே போகும், அறைக் காற்றோடு தொடர்பே இல்லை. அறைக் காற்றை எடுத்துப் புகைபோக்கி வழியே விடும் பழைய வகையில், சமையலறை வெளியேற்று விசிறியைப் போட்டாலே புகை அறைக்குள் திரும்பக்கூடும். புகைக்குழாயே இல்லாத வகையும் உண்டு. ஆக்சிஜன் 18 சதவிகிதம் அளவுக்குக் குறைந்தால் அணைக்கும் பைலட் அதில் இருக்கும். சில நாடுகளிலும் மாநிலங்களிலும் அந்த வகைக்கு அனுமதியே இல்லை. ஆனால் செடி மூடியை அடைத்தால் உங்கள் வகையும் மூச்சு முட்டும். கட்டையை நகர்த்திய பிறகும் கரி வந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். இன்றே செடியை வெட்டுங்கள். பனி விழும் இடமாக இருந்தால் ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் மூடியைத் துப்புரவாக்குங்கள். அந்த மூடியும் சுடும் என்பதால் அணைத்து ஆறவிட்டுச் செய்யுங்கள்.

இரவு முழுவதும் வேண்டாம். அம்மா படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எரித்துக் கூடத்தைச் சூடாக்குங்கள், படுக்கும்போது சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எல்லோரும் தூங்கும் வீட்டில், கரி படிகிறதா, தீ மாறுகிறதா என்று பார்க்க ஆள் கிடையாது. அம்மாவின் கட்டிலையும் போர்வையையும் கணப்பிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் நகர்த்துங்கள்.

கடைசியாக, வீட்டு உரிமையாளரிடம் "கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை உரிமம் பெற்ற மெக்கானிக் வந்து கேஸ் அழுத்தத்தை அளந்து, இணைப்புகளில் கசிவு பார்த்து, பைலட்டைத் துடைத்து, அடைப்புப் பட்டையையும் புகைக்குழாயையும் சோதிக்க வேண்டும். வெயில் காலத்தில் பைலட்டை அணைத்து வைக்கலாம். திரும்ப ஏற்றும் முதல் நாள் தூசி கருகும் வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாடை சில மணி நேரத்தில் போகாவிட்டால் அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.